மூன்றாவது குரல்

1

ஊரிலிருந்து போன் வந்தால் முதலில் கேட்பது, அங்கே இப்போது மணி என்ன என்று. அடுத்தது குளிரைப் பற்றி. அதற்கடுத்து, பிள்ளை தமிழ் பேசுகிறாளா என்று. பயமாக இருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லியிருப்பேன்.

நான் பயந்த சுபாவக்காரன். இராஜபாளையத்தில் நூற்பு மில்லில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்த காலத்திலேயே அப்படித்தான். அந்த மெஷின்களைச் செய்து அனுப்பும் ஜெர்மனியின் சிறிய ஊர் ஒன்றுக்கு வேலை கிடைத்து வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. பயமும் கூடவே விமானம் ஏறி வந்துவிட்டது. தபால் பெட்டியில் அரசாங்க உறை கிடந்தால் பயம். விசா அட்டையைப் புதுப்பிக்கப் போகிற நாளில், எல்லாத் தாளும் கையில் இருந்தாலும் பயம். கடையில் சில்லறை பொறுக்கும்போது பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டிவிடுவாரோ என்று பயம்.

எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் குடியிருப்பை ஒட்டிய காட்டுப் பூங்கா. ஊராட்சி வைத்திருக்கும் பூங்காதான். முன்பக்கம் ஊஞ்சல், சறுக்குமரம், கறி சுடுவதற்குக் கல் அடுப்பு, நாலைந்து மர மேசைகள். அதற்குப் பின்னால் மரங்கள். சுவர் கிடையாது, கேட் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. பூங்கா எந்த இடத்தில் முடிந்து காடு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று நானும் பலரிடம் கேட்டுவிட்டேன். கேட்டவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை. இங்கே பாலர் பள்ளியிலேயே வாரம் ஒரு நாள், மழை பெய்தாலும், பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போவார்கள். என் மகள் நிலாவை முதன்முதலில் அப்படிக் கூட்டிப்போன நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை.

என் மனைவி ரெங்கநாயகி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. தைரியசாலி.

"மரத்தப் பாத்துப் பயப்படுத ஆம்பளைய நான் இப்பத்தான் பாக்கேன்" என்பாள், அந்தப் பூங்காவுக்கு நான் வர மறுக்கும்போதெல்லாம்.

2

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பிறந்தவனுக்கு மரத்தைக் கண்டு என்ன பயம் என்று நீங்களும் கேட்கலாம். அங்கே பிறந்ததால்தான் இந்தப் பயம். மாங்காய் பழுக்கிற பருவத்தில் மலையடித் தோப்புகளில் யானை இறங்கிவிட்டது என்று விடிந்ததும் பேச்சு வரும். மில்லுக்கு வேலைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர், முறிந்து கிடந்த தென்னையைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். ஆனால் எங்கள் காட்டுக்கு ஒழுங்கு உண்டு. எந்த நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும், எந்தத் திருப்பத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், தனியாகப் போகலாமா கூடாதா, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். பயப்பட வேண்டிய இடத்தில் பயந்துவிட்டு மற்ற இடத்தில் நிம்மதியாக இருக்கலாம். இங்கே அப்படி எதுவும் இல்லாததால் நான் முழு நேரமும் பயப்பட வேண்டியிருந்தது.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. அது நிலாவைப் பற்றியது. ஏழு வயதாகிறது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். தூக்கத்தில் ஜெர்மனில் பிதற்றுவாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'ழ' எழுதச் சொன்னால் அதற்கு மீசை வரைந்து வைப்பாள். நாங்கள் தேடித்தேடி, இந்த ஊர்க்காரர் வாயிலும் நம்மவர் வாயிலும் ஒன்றுபோல வரட்டும் என்று வைத்த பெயர் நிலா. பெயர் இரண்டு பக்கமும் பொருந்தியது. பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது.

போன வருஷம் புரட்டாசியில் லீவு எடுத்து ஊருக்குப் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனார் வீட்டில் சில நாள், இராஜபாளையத்தில் என் அக்கா பாண்டியம்மாள் வீட்டில் சில நாள். திரும்பி வந்த பிறகு, ஊரில் என்ன பிடித்தது என்று நிலாவிடம் கேட்டேன். "அத்தை வீட்டுக் கோழி" என்றாள். வேறே? "அவ்வளவுதான்." இத்தனை தூரம் கூட்டிப்போய்க் காட்டியதில் ஒரு கோழிதான் மிஞ்சியது என்று அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வருத்தம்.

3

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியது ஐப்பசியில். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை ரெங்கா எலுமிச்சைச் சாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து எடுத்துக்கொள்வாள். எங்காவது போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். இந்த முறை பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்று நிலா ஒற்றைக்காலில் நின்றாள். என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெஃபானும் அவருடைய மகள் லீனாவும் வந்தார்கள். லீனா நிலாவின் வகுப்புத் தோழி.

வருஷத்துக்கு இரண்டு தடவை இங்கே ஒரு கூத்து நடக்கும். நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்கள். அன்று காலையில்தான் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அதனால் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பேச்சு சுவாரஸ்யத்தில் விட்டுவிட்டோம்.

பிள்ளைகள் இருவரும் கொட்டை பொறுக்கப் போனார்கள். தின்கிற கொட்டை இல்லை. பளபளவென்று பழுப்பாக இருக்கும், தீக்குச்சி குத்திப் பொம்மை செய்வார்கள். மேசையிலிருந்து பார்த்தால் இருவருடைய ஜாக்கெட்டும் மரங்களுக்கு நடுவே தெரிந்தது. தெரிகிறதா தெரிகிறதா என்று நான் ஐந்து வாய்க்கு ஒரு முறை பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ரெங்கா என் கையைத் தட்டி, "சாதத்தப் பாத்துத் தின்னுங்க" என்றாள்.

பிறகு லீனா மட்டும் வந்தாள். பை நிறையக் கொட்டை.

"நிலா எங்கே?"

"எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாளே" என்றாள் லீனா, மேசையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே.

ஸ்டெஃபான் பதறவில்லை. அவர் இந்தக் காட்டில் வளர்ந்தவர். எழுந்து நின்று, கைகளைக் குவித்து, "நிலா!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். நல்ல கனத்த குரல். பதில் இல்லை. "வந்துவிடுவாள், பக்கத்தில்தான் இருப்பாள்" என்றார். நான் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தேன். ஓடினேன் என்றால், எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓடினேன். பழுத்த இலைகள் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தன. ஓரிடத்தில் மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. காட்டுப் பன்றி கிளறியது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கூப்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் வேறு பக்கம் ஓடினேன்.

சிறிது நேரத்தில் மற்ற மேசைகளில் இருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். யாரோ போலீஸுக்குச் சொன்னார்கள்.

4

வந்த போலீஸ்காரி இளம் பெண். அவசரப்படாமல், அன்பாகத்தான் பேசினார். குழந்தையின் முழுப் பெயர் கேட்டார். சொன்னேன். என் முழுப் பெயர் கேட்டார். ரெங்காவின் முழுப் பெயர் கேட்டார். சொல்லி முடித்ததும், எழுதிக்கொண்ட மூன்று பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் நிலாவுக்குப் பின்னால் என் பெயர். எனக்குப் பின்னால் என் அப்பா பெயர். ரெங்காவுக்குப் பின்னால் அவள் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்.

"இது உங்கள் இருவருடைய குழந்தைதானா?" என்று கேட்டார்.

வழக்கமாக அலுவலகங்களில் இதை விளக்குவதற்கு நான் ஒரு சின்ன உரையே தயாராக வைத்திருப்பேன். அன்று தலையை மட்டும் ஆட்டினேன். ஜாக்கெட் என்ன நிறம் என்று கேட்டார். நீலம் என்றேன், தமிழில். மறுபடியும் கேட்டார். மறுபடியும் நீலம் என்றேன். பத்து வருஷம் அந்த மொழியில் சம்பளம் வாங்கியவனுக்கு, மகளின் சட்டை நிறம் அந்த மொழியில் மறந்துபோயிற்று. ஸ்டெஃபான்தான் சொன்னார்.

எப்படித் தேட வேண்டும் என்று போலீஸ்காரி சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் சேர்ந்து கத்தக்கூடாது. ஒருவர் மட்டும், ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும். பிறகு அத்தனை பேரும் அசையாமல் நின்று காது கொடுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் முன்னே நகர்ந்து, அடுத்தவர் கூப்பிட வேண்டும். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. மெஷினில் எங்கே சத்தம் வருகிறது என்று பார்ப்பதற்கு நாங்களும் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டுத்தானே கேட்போம்.

அப்படியே வரிசையாகப் போனோம். நான் "நிலா!" என்றேன். நின்றோம். இலை உதிர்கிற சத்தம் மட்டும். நகர்ந்தோம். ஸ்டெஃபான் கூப்பிட்டார். நின்றோம். நகர்ந்தோம். நாயோடு வந்திருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார். பிறகு போலீஸ்காரி. பிறகு மறுபடியும் நான். டார்ச் வெளிச்சங்கள் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்தன. குளிர் ஏறியது. நிலாவின் தொப்பி மேசையிலேயே கிடந்தது என் நினைவுக்கு வந்து, அதற்குமேல் என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

ரெங்கா என் பக்கத்தில் வாய் திறக்காமல் வந்தாள். உதடு மட்டும் அசைந்தது. திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னாள். கிரிவலம் போகிற ஊர் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைப் பெருமாள். மரத்தைப் பார்த்துப் பயப்படாதவள், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் போய்விட்டது.

அப்புறம் குளம் வந்தது. சின்னக் குளம்தான், வாத்துகள் நீந்தும். மேலே பச்சையாகப் பாசி மூடியிருக்கும். போலீஸ்காரி டார்ச்சைத் தண்ணீர்மேல் அடித்தார். அடித்துவிட்டு எடுக்கவே இல்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை மெதுவாக நகர்த்திக்கொண்டே இருந்தார். அங்கே நின்றிருந்த யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ரெங்கா என் கையை உதறினாள். குளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். நம் ஊரில் சோறு ஆறுகிறதென்று தெருமுனையைப் பார்த்துக் கூப்பிடுவார்களே, அந்தக் குரல்.

"நிலா...! நிலா...! ஏட்டி, நிலாஆ...!"

போலீஸ்காரி கையைத் தூக்கினார், ஒரு தடவைதான், ஒரு தடவைதான் என்பதுபோல.

"ஏன்ம்மா?"

மெலிந்த குரல். எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. நாங்கள் தேடி முடித்துவிட்டுக் கடந்து வந்த பக்கத்திலிருந்து.

5

வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் கொட்டைகள். நாங்கள் அந்த மரத்தின் அந்தப் பக்கமாகத்தான் நடந்து போயிருந்தோம். நான் கூப்பிட்டுவிட்டு நின்றதும் அதற்குப் பக்கத்தில்தான்.

ரெங்கா போய் வாரி எடுத்தாள். நான் கிட்டே ஓடியதும் நிலா அம்மாவின் தோளில் கன்னத்தை அழுத்திக்கொண்டு என் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள்.

"அப்பா, காலக் காட்டு."

எனக்கு விளங்கவில்லை. என் கால் இரண்டும் இலைக்குள் புதைந்திருந்தன. "காட்டு" என்றாள் மறுபடியும், அழுகிற குரலில். இலைகளை உதைத்துத் தள்ளினேன். ஷூ மண்ணில் அழுந்தி நிற்பதை டார்ச் வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் என்னிடம் கை நீட்டினாள்.

போலீஸ்காரி குனிந்து கேட்டார், இத்தனை பேர் கூப்பிட்டோமே, கேட்கவில்லையா என்று. கேட்டது என்றாள் நிலா. பிறகு ஏன் பதில் சொல்லவில்லை?

"எல்லாரும் ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள்" என்று சுத்தமான ஜெர்மனில் சொன்னாள்.

போலீஸ்காரி என்னைப் பார்த்தார். பேரிங்குக்கும் ஸ்பிண்டிலுக்கும் எனக்கு ஜெர்மன் தெரியும். இதற்குத் தெரியவில்லை.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன வருஷம் லீவில், அக்கா குடும்பத்தோடு அய்யனார் கோயில் ஆற்றுக்கு வேன் வைத்துப் போயிருந்தோம். ஆற்றில் தண்ணீர் நன்றாக வந்தது. பாறையில் பிள்ளைகளை உட்கார வைத்து அக்கா தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவளுக்கு அன்று லீவு கிடைத்த சந்தோஷம், வாய் ஓயவில்லை.

"ஏட்டி நிலா, காட்டுக்குள்ள ஒத்தக் குரல் கூப்பிட்டா ஏன்னு கேக்கப்புடாது, என்ன? ரெண்டாங் குரலுக்கும் வாயத் தெறக்கப்புடாது. மூணாங் குரலும் வந்தாத்தான் மனுசக் குரல். மத்ததுக்கு மூணு தரம் கூப்பிட ஏலாது. கிட்ட வந்தா மொதல்ல காலப் பாக்கணும். தரையில பாவுனா நம்மாளு."

பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. நானும்தான் சிரித்தேன். நிலா சிரித்தாளா என்று நான் கவனிக்கவில்லை.

அவளுக்குள் நாங்கள் இறக்கிவிடப் பார்த்தது எத்தனை! எழுத்து, பாட்டு, கோலம், பண்டிகை, சொந்தக்காரர் பெயர்கள். ஒன்றும் தங்கவில்லை என்று நான் புலம்பாத நாளில்லை. அக்கா தலை துவட்டிக்கொண்டே சொன்ன இந்த ஒன்றை மட்டும் ஒரு சொல் சிந்தாமல் வைத்திருந்தாள். இருட்டில், குளிரில், பெற்ற தகப்பனுடைய குரல் கைக்கெட்டும் தூரத்தில் கூப்பிட, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பயந்தது பன்றிக்கு இல்லை, இருட்டுக்கு இல்லை. எனக்குப் பயந்திருக்கிறாள்.

6

சில நாள் கழித்துக் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். காணாமல் போய்க் கிடைத்த பிள்ளைகள் வீட்டுக்கு இப்படி வருவது இங்கே வழக்கமாம். காபி வேண்டாம் என்றார். நிலாவின் அறையைப் பார்த்தார். வீட்டில் யாரையாவது பார்த்து அவளுக்குப் பயமா என்று கேட்டார். அப்பா கூப்பிட்டும் மகள் ஒளிந்துகொண்டிருந்தது ஏன் என்று கேட்டார். பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நம் ஆட்கள் வாட்ஸப்பில் சொல்லும் கதைகள் அத்தனையும் என் தலைக்குள் ஓடின. சட்டை நனைந்துவிட்டது. ரெங்காதான் தட்டுத்தடுமாறி, இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல், மூன்று குரல் கதையை அப்படியே சொன்னாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுபடியும் வரவேண்டியிருந்தால் தகவல் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். இதை எழுதுகிற இன்றுவரை தகவல் இல்லை. வாசலில் மணி அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

கோபம் தாங்காமல் அக்காவுக்குப் போன் போட்டேன். சின்னப் பிள்ளையிடம் இதையெல்லாமா சொல்வாய் என்று கத்தினேன். நடந்ததைக் கேட்டதும் அந்தப் பக்கம் அழுகைதான் வந்தது. அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்:

"ஏலே, நான் சொன்னது நம்ம காட்டுக்குலே. அந்தூருக் காட்டப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்? நீயில்லா அங்கன இருக்க? நீயில்லா சொல்லிக் குடுத்திருக்கணும்?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை. இத்தனை வருஷம் இருந்தும் இந்தக் காட்டைப் பற்றி என் மகளிடம் சொல்வதற்கு என்னிடம் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நிலா மேசையில் கொட்டைகளை வரிசையாக வைத்துத் தீக்குச்சி குத்திக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். ரெண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். அத்தை சொன்னது அந்த ஊருக்கு. இங்கே அதெல்லாம் கிடையாது. இனிமேல் அப்பா ஒரு தடவை கூப்பிட்டாலே வந்துவிட வேண்டும். நீ தொலைந்துபோனபோது அப்பா எவ்வளவு பயந்துவிட்டேன் தெரியுமா?

அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு கொட்டைக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தாள். பதிலும் தமிழிலேயே சொன்னாள்.

"நான் தொலையலையேப்பா. உக்காந்த எடத்துலயேதான் இருந்தேன். நீங்கதான் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தள்ளித் தள்ளிப் போய்ட்டே இருந்தீங்க."